35 நாள் குட்டி

அன்புள்ள ஐயா,

பையன் ஒரு வருடமாகக் கேட்டதால் லேப்ரடார் நாய்க்குட்டி ஒன்று வாங்கினோம். வயது 35 நாள். ராத்திரியெல்லாம் அழுகிறது, கைகாலைக் கடிக்கிறது, ஹால் முழுக்க மூத்திரம். "மாடியில் கட்டிப்போடுங்க, ரெண்டு நாளில் அடங்கிடும்" என்கிறார் விற்றவர். எப்படிப் பழக்குவது? நல்ல பெயரும் ஒன்று சொல்லுங்கள்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

பெயரைப் பையன் வைக்கட்டும். மூத்திர விஷயம் சுலபம். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் வீட்டு வாசலுக்குள்ளேயே ஒரே இடத்தில் விடுங்கள், போனதும் கொஞ்சுங்கள். தடுப்பூசி முடியும்வரை தெரு மண் வேண்டாம், குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி அதில் மாதக்கணக்கில் கிடக்கும். பசும்பால் ஊற்றாதீர்கள், பேதியாகும்.

என்னை உறுத்தியது அந்த 35. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் விதி 2017-லேயே வந்துவிட்டது. ஆனால் பொம்மை மாதிரி இருந்தால்தானே விலை போகிறது? தீனிச் செலவும் மிச்சம். நீங்கள் தாய் நாயைக் காட்டச் சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. செல்போன் வாங்கும்போது மட்டும் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம்.

சின்ன வயதில் எங்கள் மாட்டுக்கொட்டிலில் ஒரு நாட்டு நாய் குட்டி போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கேயே கிடப்பேன். ஒரு மாதக் குட்டிக்கு ஊசி ஊசியாய்ப் பல். ஒன்று இன்னொன்றின் காதைக் கவ்வி இழுக்கும். வலி தாங்காமல் அது வீலென்று கத்திவிட்டு எழுந்து போய்விடும். ஆட்டம் குளோஸ். கடித்தது திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும். அப்புறம் மெல்லப் போய் மறுபடி அதே காதைக் கவ்வும், பல் அழுந்தாமல். காம்பைக் கடித்தால் தாய் அதன் மூஞ்சியை அப்படியே வாய்க்குள் அடக்கி ஓர் உறுமல் உறுமும்; தோலில் ஒரு கீறல் இருக்காது. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று நாய் படிப்பது இந்த வாரங்களில்தான். உங்கள் குட்டியைப் பாதியில் பிரித்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மிச்சத்தை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடித்தால் "ஆ" என்று கத்திவிட்டு எழுந்து போங்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து விளையாடுங்கள். நூறு தடவை செய்ய வேண்டியிருக்கும். பேப்பரைச் சுருட்டி அடித்தால் கையைக் கண்டாலே பயப்படும். பயந்த நாய்தான் பின்னால் குழந்தையைக் கடிக்கும்.

மாடியா? நேற்றுவரை அம்மா வயிற்றுச் சூட்டில், கூடப்பிறந்ததுகளோடு ஒட்டிக்கொண்டு தூங்கியதைத் தனியாகக் கட்டுவீர்களா? அடங்கத்தான் செய்யும், கத்தினால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு. அந்த ஆளிடம் இனி யோசனை கேட்காதீர்கள். இந்த வாரமே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

படுக்கையை உங்கள் கட்டிலை ஒட்டிப் போடுங்கள், பழைய லுங்கி போதும். முனகினால் கையைத் தொங்கவிட்டுத் தடவிக்கொடுங்கள். நடுராத்திரியில் மூத்திரத்துக்கு எழுப்பும். அப்போது பையனையும் எழுப்பிவிடுங்கள், ஒரு வருடமாகக் கேட்டவன் அவன்தானே.

அன்புடன்.