சீம்பால் பொடி குடல் அழற்சியை ஆற்றுமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சிக்கு மெசலமைன் மாத்திரை சாப்பிட்டு வருகிறான். இரத்தப்போக்கு இப்போது நின்றிருக்கிறது. பசுவின் சீம்பாலில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் குடலைப் பாதுகாக்கும் என்று சொல்லி, உறவினர் ஒருவர் சீம்பால் பொடி வாங்கித் தந்தார். மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம், அம்மா. இரத்தப்போக்கு நின்றதே அந்த மருந்தின் பலனாக இருக்கலாம். பாதியில் விட்டால் நோய் மீண்டும் கிளம்பும் வாய்ப்பு அதிகம்.

உறவினர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெருங்குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஒரு செல் கனமுள்ள படலம்தான். அதற்கு ஒருபுறம் எண்ணிலடங்காத பாக்டீரியாக்களும் மறுபுறம் உடலின் நோயெதிர்ப்புச் செல்களும் இருப்பதால், படலம் சிதையும் இடத்தில் இரண்டும் நேருக்கு நேர் சந்தித்து, அழற்சி மூண்டு, புண் பெரிதாகிறது. இந்தப் படலத்தைப் பழுதுபார்க்கத் தூண்டும் புரதங்களே வளர்ச்சிக் காரணிகள். அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது எபிடெர்மல் வளர்ச்சிக் காரணி எனப்படும் ஈ.ஜி.எஃப். வெறும் 53 அமினோ அமிலங்களால் ஆன இச்சிறு புரதத்தைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொண்டால்சினியுடன் 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும்கூட இது உண்டு.

இது செயல்படும் விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஈ.ஜி.எஃப்-ஐப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் குடல் செல்களின் அடிப்புறத்திலும் பக்கங்களிலுமே பெரும்பாலும் அமைந்திருப்பதால், படலம் முழுமையாக இருக்கும்வரை குடற்குழாயில் ஓடும் ஈ.ஜி.எஃப் அவற்றை எளிதில் எட்டுவதில்லை. படலம் கிழிந்த இடத்தில் மட்டும் எட்டுகிறது. உடனே புண்ணின் விளிம்பிலுள்ள செல்கள் சில மணி நேரத்திலேயே நகர்ந்து வந்து வெற்றிடத்தை மூடத் தொடங்குகின்றன. செல் பெருக்கம் அதற்குப் பிறகே வருகிறது. அழற்சியால் செல்கள் மடிவதையும் இந்தச் சமிக்ஞை குறைக்கிறது.

மனிதர்களிடம் சோதித்தபோது என்ன ஆயிற்று? பெருங்குடலின் இடப்பகுதியிலோ மலக்குடலிலோ மிதமான நோய் கண்ட 24 பேரிடம் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. அனைவரும் மெசலமைன் மாத்திரை சாப்பிட்டார்கள். பாதிப் பேருக்கு மட்டும் ஈ.ஜி.எஃப் எனிமாவும் தரப்பட்டது. இரண்டு வாரத்தில் அந்த 12 பேரில் 10 பேருக்கு நோய் அடங்கியது. மருந்து கலக்காத வெற்று எனிமா பெற்ற 12 பேரில் ஒருவருக்கு மட்டுமே அடங்கியது. நம்பிக்கையூட்டும் முடிவுதான் என்றாலும் 24 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. ரெபிஃபெர்மின் என்ற வேறொரு வளர்ச்சிக் காரணியை நரம்பு வழியே செலுத்திப் பார்த்தபோது, அது வெற்று மருந்தைவிட மேலான பலனைத் தரவில்லை.

இனி உங்கள் பொடி. ஆய்வில் எனிமாவாகக் கொடுத்ததற்குக் காரணம், விழுங்கும் ஈ.ஜி.எஃப்-இன் பெரும்பகுதியை இரைப்பை அமிலமும் கணைய நொதிகளும் பெருங்குடலை அடையும் முன்பே சிதைத்துவிடும் என்பதே. சீம்பாலில் வளர்ச்சிக் காரணிகள் இருப்பது உண்மை. கரைத்துக் குடிக்கும் பொடி இந்நோயைக் கட்டுப்படுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. பால் ஒவ்வாத பிள்ளையாக இருந்தால் வயிற்றுப்போக்கு கூடவும் செய்யும்.

கேள்வி: என் அப்பாவின் சர்க்கரைப் புண்ணுக்கு ஈ.ஜி.எஃப் ஜெல் தடவி ஆறியது. எனக்குக் குடல் அழற்சி இருக்கிறது. அதையே நான் பயன்படுத்தலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: கூடாது. அது தோல் புண்ணுக்கென்றே தயாரிக்கப்பட்டது. மேலும், செல்களைப் பெருகச் செய்யும் இதே பாதைதான் பெருங்குடல் புற்றுநோய் வளரவும் துணைபோகிறது. அதனால்தான் அப்புற்றுநோய் முற்றிய சிலருக்கு, ஈ.ஜி.எஃப் பற்றிக்கொள்ளும் ஏற்பியை அடைக்கும் செட்டுக்சிமாப் என்னும் மருந்து தரப்படுகிறது. நெடுங்காலக் குடல் அழற்சியே புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டக்கூடியது என்பதால், மேற்பார்வையின்றி வளர்ச்சிக் காரணியைத் தொடர்ந்து செலுத்துவதை நான் ஏற்கமாட்டேன். நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் குடல்நோய் மருத்துவரிடமோ கொலோனோஸ்கோப்பி (குழாய்க் கேமரா செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.