நடப்பு சாம்பியனாக 2025-ல் அமெரிக்க பேஸ்பால் அணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் சுமாராகத்தானே ஆடினார்கள்? பிறகு எப்படி மறுபடியும் கோப்பை?

சுமார்தான், மறுக்கவில்லை. 162 ஆட்டத்தில் 93 வெற்றி, 69 தோல்வி. முந்தைய ஆண்டு கோப்பை வாங்கியபோது 98 வெற்றி. ஆனால் நீங்கள் கேட்கிற தொனியைப் பார்த்தால், ஆறு மாத லீக் சுற்றில் தூங்கிவிட்டு, அக்டோபரில் நடக்கும் ப்ளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றில் எழுந்து ஆடினார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. ஐபிஎல் பார்த்துப் பழகிய கண்ணாக இருக்கும். அங்கே 14 லீக் ஆட்டம், ஒவ்வொரு புள்ளிக்கும் உயிர் போகும். இங்கே கணக்கு வேறு. பேட்டிங், ஃபீல்டிங் எல்லாம் அப்புறம்; முதலில் பந்து வீசும் பிட்சர்களின் கையைப் பாருங்கள்.

ஆரம்பம் அமர்க்களம். டோக்கியோவில் கப்ஸ் அணியை இரண்டு முறை வென்று தொடங்கி, முதல் 8 ஆட்டமும் வெற்றி. அதோடு சரி, கைகள் விழ ஆரம்பித்தன. 5 ஆண்டுக்கு 18.2 கோடி டாலர் கொடுத்து எடுத்த பிளேக் ஸ்னெல், இரண்டே ஆட்டத்தில் முதல் பிட்சராக வீசிவிட்டுத் தோள்வலியோடு உட்கார்ந்தார், திரும்பியது ஆகஸ்டில். இன்னொரு பிட்சர் கிளாஸ்னோவுக்கும் தோள், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை. ரோகி சசாகி 8 ஆட்டத்தில் முதல் பிட்சராக வீசியதும் அதே கதை, செப்டம்பர் கடைசியில்தான் தலை காட்டினார். "முந்தைய அக்டோபர் வரை ஆடிய களைப்பு" என்று பலர் எழுதினார்கள். அது பொருந்தாது. 2024 அக்டோபரில் ஸ்னெல்லும் சசாகியும் டாட்ஜர்ஸிலேயே இல்லை, கிளாஸ்னோ காயத்தில் இருந்தார். எளிதில் உடையும், ஆனால் உடையாதபோது யாராலும் அடிக்க முடியாத கைகள் என்று தெரிந்தேதான் சேர்த்தார்கள்.

தெரிந்தே சேர்த்தால் அதற்கு ஏற்ற ஏற்பாடும் வேண்டும். வழக்கமாக ஒரு அணியில் ஆட்டத்தைத் தொடங்கி நெடுநேரம் வீசும் ஸ்டார்ட்டர்கள் 5 பேர், ஒவ்வொருவரும் ஐந்து நாளுக்கு ஒருமுறை. டாட்ஜர்ஸ் முடிந்தபோதெல்லாம் ஆறு பேர் என்று வைத்து, ஒவ்வொரு கைக்கும் கூடுதல் ஒரு நாள் கொடுத்தார்கள். எல்லா அணியும் இதைச் செய்யலாமே என்றால், முடியாது. 26 பேர் பட்டியலில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. ஆறு பேர் தொடக்கத்துக்குப் போனால் புல்பென்னில், அதாவது ஸ்டார்ட்டருக்குப் பின் வந்து வீசும் ரிலீவர்கள் கூட்டத்தில், ஏழு பேர்தான் மிச்சம், அந்த ஏழு பேர் இரண்டே மாதத்தில் நைந்துபோவார்கள். ஒஹ்தானி பேட்டிங், பிட்சிங் என்று இரண்டு வேலையும் செய்கிறவர் என்று பதிவானதால் அந்த 13-ல் சேரமாட்டார். ஆக ஆறாவது ஸ்டார்ட்டர் ஓசியில் கிடைத்தார், புல்பென்னில் எட்டுப் பேர் அப்படியே இருந்தார்கள். முழங்கை அறுவை முடிந்து வந்தவரை ஜூன் 16-ல் ஒரே ஒரு இன்னிங்ஸ், அதாவது மூன்று அவுட் மட்டும், வீச வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். கீழ்நிலை அணிகள் ஆடும் மைனர் லீக்குக்கு அனுப்பிப் பழக்கவும் வழியில்லை, தினமும் அவர் மட்டை வேண்டுமே.

மற்ற ஓட்டைகளைக் காயப் பட்டியலை வைத்து அடைத்தார்கள். பிட்சர் ஒருவரை அதில் போட்டால் குறைந்தது 15 நாள் அவர் ஆட முடியாது, அந்த இடத்தில் வேறொருவர் ஆடலாம். 60 நாள் பட்டியலில் போட்டால் 40 பேர் கொண்ட பெரிய பட்டியலிலும் ஓர் இடம் காலியாகும், அதில் புது ஆளைச் சேர்க்கலாம். மைனர் லீக்குக்கு ஒரே ஆளை ஒரு சீசனில் 5 முறைக்குமேல் அனுப்பக்கூடாது என்ற விதி இருப்பதால், மாற்றி மாற்றி ஏற்றி இறக்க நிறையக் கைகள் தேவை. ஜூலையில் வரிசையாக ஏழு தோல்வி வந்தபோது புல்பென்னில் பாதிப்பேர் இப்படி வந்து போகிறவர்கள்தான். பக்கத்து ஊர் ஏஞ்சல்ஸ் அணியிடம் ஆடிய ஆறும் தோல்வி, மில்வாக்கி அணியிடம் ஆறும் தோல்வி.

புல்பென் எவ்வளவு மோசம் என்பதற்கு செப்டம்பர் 6, பால்டிமோர் அணியுடனான ஆட்டம் போதும். டாட்ஜர்ஸ் ஸ்டார்ட்டர் யமமோட்டோ கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் இரண்டு அவுட் வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை, அதாவது யாரும் பந்தை அடித்து பேஸுக்குப் போகவில்லை. 112-ஆவது பந்தில் பால்டிமோரின் ஜாக்சன் ஹாலிடே ஹோம்ரன் அடித்தார், நம் சிக்ஸர் மாதிரி. ஸ்கோர் 3-1, தேவை ஒரே ஒரு அவுட். ரிலீவர் டிரைனன் வந்தார்: இரண்டு பேஸ் தரும் டபுள், உடம்பில் பட்ட பந்து, நான்கு தவறான பந்தால் இலவசமாக பேஸ் தரும் வாக், மறுபடி வாக், 3-2. டேனர் ஸ்காட் வந்தார்: ஒரு சிங்கிள், இருவர் ஓடி வந்தார்கள், 4-3, ஆட்டம் போச்சு. அந்த ஸ்காட்டுக்கு 4 ஆண்டு ஒப்பந்தம் 7.2 கோடி டாலர். அந்த சீசனில் கைவிட்ட சேவ், அதாவது முன்னிலையைக் காக்கத் தவறியது, மட்டும் 10.

"பணத்தைக் கொட்டி வாங்கிய கோப்பை" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களே, கொட்டினார்கள்தான். வீரர்களின் சம்பளத்துக்கு லீக் வைத்த 24.1 கோடி டாலர் வரம்பைத் தாண்டியதற்கு வரி மட்டும் 16 கோடி டாலருக்கு மேல். ஆனால் 1.7 கோடிக்கு எடுத்த பேட்டர் கான்ஃபோர்டோ .199 என்ற மோசமான சராசரியில் அடித்து, அக்டோபர் பட்டியலிலேயே இடம் பெறவில்லை. நியூயார்க் மெட்ஸும் பணத்தை வாரி இறைத்த அணிதான்; 83 வெற்றியோடு ப்ளேஆஃபுக்கே வரவில்லை. பணம் இல்லாமல் இது நடக்காது, பணம் மட்டும் இருந்தாலும் நடக்காது.

சரி, அக்டோபர். அந்த சீசனில் ஸ்னெல் வீசியது 61 இன்னிங்ஸ் சொச்சம், கிளாஸ்னோ 90 சொச்சம், ஒஹ்தானி 47. மூவரும் சேர்ந்தே 200 வரவில்லை. யமமோட்டோ ஒருவர்தான் 173-க்கு மேல். மற்ற அணிகளின் முதன்மைக் கைகள் களைத்திருந்த நேரத்தில் இவர்கள் புதுசாக நின்றார்கள். தங்களை ஆறு ஆட்டத்திலும் தோற்கடித்த அதே மில்வாக்கியை நான்கே ஆட்டத்தில் முடித்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ரன். ஸ்டார்ட்டர்கள் நீளமாக வீசினால் புல்பென் கதவைத் திறக்கவே வேண்டாம். மிச்சமுள்ள கடைசி இன்னிங்ஸுக்கு சசாகி.

   

இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் டொராண்டோ அணி அந்த புல்பென் பலவீனத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது. முதல் ஆட்டத்தில் ஸ்னெல்லை ஆறாவது இன்னிங்ஸில் வெளியேற்றி, புல்பென் கைக்குப் பந்து வந்ததும் அதே இன்னிங்ஸில் 9 ரன். அதனால் கடைசி இரண்டு நாளில் வழக்கமான ரிலீவர்களை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார்கள். யமமோட்டோ ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து, மறுநாள் ஏழாவதில் இன்னும் 34. அந்த ஏழாவது ஆட்டத்தில் ஒஹ்தானி, கிளாஸ்னோ, ஸ்னெல், யமமோட்டோ நால்வருமே வீசினார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ரோஹாஸ் அடித்த ஹோம்ரன் சமன் செய்தது, கூடுதலாகப் போன பதினொன்றாவதில் வில் ஸ்மித்தின் ஹோம்ரன், 5-4. அதிர்ஷ்டம் இல்லையா என்றால், இருந்தது. ரோஹாஸ் ஹோம்ரன் அடிப்பார் என்று யாரும் திட்டம் போட்டிருக்க முடியாது.

1998-லிருந்து 2000 வரை யாங்கீஸ் தொடர்ந்து வென்றபின், கோப்பையைத் தக்கவைத்த முதல் அணி இதுதான். ஆனாலும் புல்பென் சரியாகிவிட்டது என்று அவர்களே நம்பவில்லை. டிசம்பரிலேயே ரிலீவர் எட்வின் டியாஸை 3 ஆண்டுக்கு 6.9 கோடி டாலருக்கு எடுத்தார்கள், ஒன்பதாவது இன்னிங்ஸை மட்டும் வீச.