பிட்டா, பைட்டா? வேகக் கணக்குக் கேள்வி பதில்

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் சிறிய பி போட்டால் பிட், பெரிய பி போட்டால் பைட். தமிழில் எழுதும்போது இரண்டுமே 'பி' ஆகிவிடுகின்றன. 'எம்பி' என்று மட்டும் எழுதினால் எனக்கு எட்டு மடங்கு சந்தேகம் வரும். மெகாபிட், மெகாபைட் என்று முழுசாக எழுதுங்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கினேன். கோப்பு இறங்கும்போது 11 எம்பிதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. (எம்பிபிஎஸ் என்றால் எனக்கு மருத்துவப் படிப்புதான் நினைவுக்கு வருகிறது. மேலே சொன்னதைப் பாருங்கள்.) நீங்கள் வாங்கியது நொடிக்கு 100 மெகாபிட். 8 பிட் ஒரு பைட், ஆக 12.5 மெகாபைட். மீதி எங்கே போனது?

தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஈதர்நெட் எனும் வலைக்கம்பி முறையில் ஒரு பொட்டலத்துக்கு 1500 பைட். அதில் ஐபி, டிசிபி என்ற இணைய விதிமுறைகள் ஒட்டும் முகவரிச் சீட்டுகளுக்கு 40 போக, உங்கள் கோப்புக்கு 1460. வெளியே ஈதர்நெட்டின் சொந்த உறை, பொட்டலங்களுக்கு நடுவே விடும் இடைவெளி எல்லாம் சேர்த்து இன்னும் 38. அதாவது கம்பியில் 1538 பைட் போனால் உங்களுக்குக் கிடைப்பது 1460. 12.5 என்பது 11.87 ஆகிவிட்டது. உங்கள் மென்பொருள் கிலோவை 1000க்குப் பதில் 1024 என்று எண்ணிக் காட்டுகிறது என்றால் 11.3. நீங்கள் பார்த்த 11 இதுதான். இணைப்பு நன்றாகவே இருக்கிறது.

கேள்வி: 200 மெகாபிட் என்றால் எத்தனை மெகாபைட்?

25. எட்டால் வகுக்கவும்.

கேள்வி: அப்பா எப்போதும் பத்தால் வகுப்பார். எட்டுதானே சரி?

அப்பாவுக்கு என் வணக்கம். மோடம் காலத்து ஆள் போலிருக்கிறது. அப்போது ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட் போகும். 8 பிட் அனுப்ப 10 பிட் செலவு. பத்தால் வகுப்பது அங்கே சோம்பேறித்தனமில்லை, சரியான கணக்கு.

அதே பத்து பிறகு வேறு வேஷத்தில் வந்தது. கணினியோடு வன்தட்டை இணைக்கும் சாட்டா 3 இணைப்பின் வேகம் 6 ஜிகாபிட். எட்டால் வகுத்தால் 750 மெகாபைட் வர வேண்டும். ஆனால் உச்சவரம்பு 600தான், ஏனென்றால் அங்கே 8 பிட்டை 10 பிட்டாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். 5 ஜிகாபிட் யுஎஸ்பி 3.0க்கும் இதே கதை: 500. கணினிக்குள் அட்டைகளைச் செருகும் பிசிஐஇ இணைப்பின் மூன்றாம் தலைமுறையில் 128 பிட்டுக்கு 130 என்று சிக்கனமாகிவிட்டார்கள். அங்கே அப்பாவின் கணக்கு செல்லாது.

கேள்வி: 50 ஜிகாபைட்டை ஜிகாபிட் வலையில் நகலெடுக்க எவ்வளவு நேரம்?

ஜிகாபிட்டை எட்டால் வகுத்தால் 125, சீட்டும் உறையும் போக நொடிக்கு சுமார் 118 மெகாபைட் என்று வையுங்கள். ஏழு நிமிடம். குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

கேள்வி: கிலோ என்றால் 1024தானே? நீங்கள் 1000 வைத்துப் போடுகிறீர்களே.

வலை வேகத்தில் எப்போதுமே 1000. ஒரு ஜிகாபிட் என்றால் சரியாக 100 கோடி பிட். 1024 கணக்குக்குத் தனிப் பெயர்கள் உண்டு: கிபி, மெபி, கிபி... பார்த்தீர்களா, கிலோவுக்கான கிபியும் ஜிகாவுக்கான கிபியும் தமிழில் ஒன்றாகிவிட்டன. 1998இல் இந்தப் பெயர்களை வைத்தவர்கள் நம்மை நினைக்கவில்லை.

அதே நண்பர்: இதெல்லாம் வன்தட்டு விற்பவர்கள் செய்த சூழ்ச்சி. கணினியில் 1024தான் உண்மை.

ரேமில் உண்மை. முகவரிக் கம்பி ஒன்று கூடினால் இடம் இரட்டிப்பாகும், அதனால் இரண்டின் அடுக்கு அங்கே இயல்பு. வலைக்கம்பியில் ஓடுவது கடிகாரத் துடிப்பு. அதை ஹெர்ட்ஸில் எண்ணுகிறோம், ஹெர்ட்ஸுக்கு 1024 தெரியாது.

அதே நண்பர்: அப்படியானால் பழைய 1.44 மெகாபைட் பிளாப்பி?

இதற்காகத்தான் காத்திருந்தேன். அதன் கொள்ளளவு 14,74,560 பைட். 1000 கணக்கில் 1.47, 1024 கணக்கில் 1.41. 1.44 எப்படி வந்தது? முதலில் 1024ஆல் வகுத்து 1440 ஆக்கி, அதற்கு மேல் 1000ஆல் வகுத்தார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆளுக்குப் பாதி!

இன்னொருவர் (இடையில் புகுந்து): 1 டெராபைட் வட்டு எனக்கு 931 என்றுதான் காட்டுகிறது. மேக்கில் முழுசாகக் காட்டுகிறது.

விண்டோஸ் 1024ஆல் வகுத்துவிட்டு ஜிகாபைட் என்றே பெயர் போடுகிறது. மேக் 2009இல் 1000க்கு மாறிவிட்டது. வட்டு ஒன்றுதான். கிலோவில் 2.4 சதவீதமாக இருந்த வித்தியாசம் டெராவில் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஆகிவிடுவதால்தான் இந்தச் சண்டை ஓயவில்லை. சரி, இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் என்றால் எத்தனை எம்பி?

எட்டால் வகுக்கவும். மேலே பாருங்கள்.

கேள்வி: எந்த ரௌட்டர் வாங்கலாம்?

எனக்கு வகுக்கத்தான் தெரியும். கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: யுஎஸ்பி 2.0 பென்டிரைவில் 30 மெகாபைட்தான் வருகிறது. 480 என்று போட்டிருந்ததே?

480 மெகாபிட், ஆக ஏட்டில் 60 மெகாபைட். நடைமுறையில் 40ஐத் தொடுவதே அபூர்வம். முழுசாக 'மெகாபைட்' என்று எழுதியதற்கு நன்றி.

கேள்வி: எனக்கு 50 எம்பி வருகிறது. அது போதுமா?

பிட்டா, பைட்டா?