மூடிய தியேட்டரைத் திறக்கக் கவுன்சிலிடம் என்ன கேட்பது?

கேள்வி: இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் சிறு நகரத்தில் ஒரு பழைய தியேட்டர் பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. கட்டடம் கவுன்சிலுக்குச் சொந்தம். இங்குள்ள நாடகக் குழு, எங்கள் பரதநாட்டியப் பள்ளி, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். மனுவில் ஆயிரக்கணக்கில் கையெழுத்து விழுந்துவிட்டது. கவுன்சிலர்கள் "நல்ல முயற்சி" என்கிறார்கள். பணம் என்றதும் பேச்சை மாற்றுகிறார்கள். கவுன்சிலின் நிதியைப் பெற அடுத்து என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்து வாங்கியது போதும், இனிக் கணக்குப் போடத் தொடங்குங்கள். கவுன்சிலர்கள் நழுவுவது தியேட்டர் பிடிக்காமல் அல்ல. திறப்பு விழாவில் நின்று படம் எடுத்துக்கொள்ள அவர்களுக்கும் ஆசைதான். அதற்கு அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் வரப்போகும் நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, வீடற்றோருக்கு இடம் தருவது எல்லாம் கவுன்சில் சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலைகள். தியேட்டர் அப்படியல்ல. 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு தியேட்டர் நடத்தவும் அதற்குச் செலவிடவும் அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. 2023-இல் பர்மிங்ஹாம் நகரக் கவுன்சில் வரவுசெலவைச் சமாளிக்க முடியாமல் கைவிரித்தபோது, வெட்டு விழுந்த இனங்களில் கலை அமைப்புகளுக்கான மானியமும் இருந்தது. உங்கள் கவுன்சிலின் நிதி அதிகாரி அதை மறந்திருக்க மாட்டார்.

கவுன்சிலிடம் இரண்டு பணப்பைகள் உண்டு. ஒன்று மூலதனம், அதாவது கட்டடம் வாங்க, கூரை போட, லிஃப்ட் வைக்க. இன்னொன்று நடைமுறைச் செலவு, அதாவது சம்பளம், மின்சாரம், அன்றாடப் பராமரிப்பு. மூலதனத்துக்குக் கடன் வாங்கலாம், வேறு நிலத்தை விற்ற பணத்தைப் போடலாம். அப்படி விற்ற பணத்தைப் பொதுவாக அன்றாடச் செலவுக்குத் தொடக்கூடாது. இரண்டாவது பையில்தான் வறட்சி. அதனால் ஒரு தடவை ஒரு தொகை கேட்பதும் வருடாவருடம் மானியம் கேட்பதும் கவுன்சிலின் காதில் ஒரே மாதிரி விழாது. அதற்காக முதலாவதைப் பெரிய தொகையாகக் கேட்டுவிடாதீர்கள். கடன் வாங்கிக் கொடுத்தால் அதன் வட்டியும் தவணையும் மறுபடி இரண்டாவது பையைத்தான் கரைக்கும்.

இரண்டு உதாரணங்களை உங்கள் குழு கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில், கடலுக்குள் நீளும் பழைய பொழுதுபோக்குப் பாலம் (பியர்) 2010-இல் தீயில் எரிந்தது. ஊர் மக்கள் பங்கு வாங்கியும் தேசிய லாட்டரியின் மானியம் பெற்றும் அதை 2016-இல் திறந்தார்கள். 2017 அக்டோபரில் கட்டடக்கலைக்கான ஸ்டெர்லிங் பரிசு கிடைத்தது. அடுத்த மாதமே நடத்திய அமைப்பு நொடித்துப்போனது. பிறகு அது தனியார் கைக்குப் போனது. பிராட்ஃபோர்டில், இடிபட இருந்த பழைய ஓடியன் திரையரங்கக் கட்டடத்தை மக்கள் கைகோத்து வளைத்து நின்று காப்பாற்றினார்கள். சுமார் 5 கோடி பவுண்ட் செலவில் புதுப்பிக்கவும் செய்தார்கள். வேலை முடிந்த நேரத்தில், 2024-இல், நடத்த ஒப்புக்கொண்டிருந்த நிறுவனம் விலகிக்கொண்டது. வேறு நிறுவனத்தைத் தேடிப் பிடித்துக் கதவைத் திறக்க 2025 ஆகிவிட்டது. இரண்டு ஊரிலும் கட்டடம் பளபளவென்றுதான் இருந்தது. யார் நடத்துவது, எதை வைத்து நடத்துவது என்பதில்தான் இடறியது.

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, போடும் முறை நிஜம். 300 இருக்கைகள். வருடத்தில் 100 இரவுகள் வெளியிலிருந்து நிகழ்ச்சிகள் வருகின்றன. சராசரியாக அரங்கு 55 சதவீதம் நிறைகிறது, அதாவது 165 பேர். வரி போக ஒரு டிக்கெட்டுக்கு 15 பவுண்ட் என்றால் ஓர் இரவுக்கு 2,475 பவுண்ட், வருடத்துக்கு 2,47,500 பவுண்ட். இந்த இடத்தில்தான் புதுக் குழுக்கள் கைதட்டி மகிழ்கின்றன. ஆனால் வசூலில் பெரும் பங்கு நிகழ்ச்சி நடத்த வந்த குழுவுக்குப் போகும். 70 சதவீதம் அவர்களுக்கு என்று வைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது 74,250 பவுண்ட். ஒரு மேலாளர், ஒலி ஒளி பார்க்க ஒரு ஆள், இந்த இருவர் சம்பளத்துக்கே அது சரியாகிவிடும். இன்சூரன்ஸ், வெப்பமூட்டும் செலவு, தீயணைப்புச் சோதனை, மழைநீர்க் குழாய் சுத்தம் எல்லாம் இன்னும் பாக்கி. அந்தப் பாக்கியை எது நிரப்பும் என்பதைத்தான் நிதி அதிகாரி கேட்பார்.

நிரப்புவது பெரும்பாலும் வாடகையும் பாரும் கஃபேயும் திரைப்படக் காட்சிகளும்தான். இங்கே உங்கள் நாட்டியப் பள்ளியின் மதிப்பு உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அரங்கேற்றத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் ஹால் தேடி எவ்வளவு தூரம் போகிறீர்கள், எத்தனை மாதம் முன்னால் பதிவு செய்கிறீர்கள், என்ன வாடகை கொடுக்கிறீர்கள் என்று சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றிடமும் எழுத்தில் வாங்குங்கள். பழைய ரசீதுகள் இருந்தால் இன்னும் நல்லது. தமிழ்ப் பள்ளிகள், குஜராத்தி சங்கங்கள், பாட்டுக் குழுக்கள், பள்ளிக்கூட நாடகங்கள், ஞாயிறு வழிபாட்டுக்கு இடம் தேடும் சபைகள், யாரையும் விடாதீர்கள். "இந்த முயற்சியை ஆதரிக்கிறோம்" என்று நூறு கடிதம் வருவதைவிட, "திறந்தால் வருடத்துக்கு இத்தனை நாள், இந்த வாடகைக்கு எடுப்போம்" என்று பத்துக் கடிதம் வந்தால் பலன் அதிகம். ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாகக் காட்டுங்கள்: சனிக்கிழமை மாலைக்கு எல்லோரும் போட்டி போடுவார்கள், செவ்வாய்க்கிழமை காலைக்கு யார் வருவார்கள்? அதற்கும் உங்கள் திட்டத்தில் பதில் இருக்க வேண்டும்.

கணக்கு கையில் வந்த பிறகு கேளுங்கள், அதுவும் சிறியதாகத் தொடங்கி. முதலில் கட்டட ஆய்வுக்கும் சாத்தியக்கூறு அறிக்கைக்கும் பணம். அடுத்து, காத்திருக்கும் காலத்தில் கூரையும் மழைநீர்க் குழாயும் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும் உறுதி. பூட்டிய கட்டடத்தைக் கொல்வது மழைத்தண்ணீர்தான். அடைத்த குழாய், அதைச் சுற்றிப் புறா, உள்ளே மரத்தில் பூஞ்சை என்று இரண்டு குளிர்காலத்தில் பழுதுச் செலவு எங்கேயோ போய்விடும். அப்புறம் நீண்ட கால லீஸ். பெரிய மானியம் தருபவர்கள் பலரும் 20, 25 வருடமாவது லீஸ் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "சந்தை விலைக்குக் குறைத்துக் கொடுக்கச் சட்டம் இடம் தராது" என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மை. 1972 சட்டத்தின் 123-ஆம் பிரிவு, 7 வருடத்துக்கு மேற்பட்ட லீஸுக்கும் நல்ல விலை பெறச் சொல்கிறது. ஆனால் ஊரின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் நலனுக்காக என்றால், 20 லட்சம் பவுண்ட் வரை மதிப்புக் குறைவாகக் கொடுக்க அரசு 2003-இல் தந்த பொது அனுமதி வழிவிடுகிறது. பெயரளவு வாடகைக்கு லீஸ் கேட்பது தர்மம் கேட்பதாகாது.

லீஸில் ஒரு பொறி உண்டு. பழுதுபார்ப்பு முழுவதும் லீஸ் எடுப்பவர் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போடும் முன் ஒருவரை ஏணி வைத்து உட்கூரைக்கு மேலே ஏற்றுங்கள். பழைய தியேட்டர்களின் அலங்கார உட்கூரை பெரும்பாலும் நார் கலந்த பிளாஸ்டரால் ஆனது. மேலே உள்ள மரச்சட்டங்களிலிருந்து, பிளாஸ்டரில் தோய்த்த சணல் துணிக் கட்டுகளால் அதைத் தொங்கவிட்டிருப்பார்கள். கீழேயிருந்து பார்த்தால் பூவும் கொடியுமாக அழகாக இருக்கும். மேலே அந்தச் சணல் இற்றுப்போயிருந்தால் பார்வைக்குத் தெரியாது. 2013 டிசம்பரில் லண்டன் அப்போலோ தியேட்டரில் நிகழ்ச்சி நடக்கும்போதே உட்கூரையின் ஒரு பகுதி விழுந்து பலர் காயப்பட்டதற்கு இந்தக் கட்டுகள் நைந்ததே காரணம் என்று கண்டறிந்தார்கள். அதன் பிறகு இதற்கென்றே தேர்ந்த நிபுணரின் சான்று இல்லாமல் அரங்கைத் திறப்பது நடக்காத காரியம். ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வையும் கையோடு முடித்துவிடுங்கள். பெரிய பழுதுகளைக் கவுன்சில் ஏற்றுக்கொள்வது, அல்லது லீஸ் தொடங்குமுன் முடித்துத் தருவது, பணமாக வரும் மானியத்தைவிட மதிப்பானது. இந்தப் பேரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதற்கிடையில் கவுன்சில் கட்டடத்தை விற்றுவிடாமல் ஒரு வேலி போட வேண்டும். 2011 லோக்கலிசம் சட்டப்படி, அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் உள்ள 21 பேர் சேர்ந்தாலே, பதிவு செய்யாத குழுவாக இருந்தாலும், ஒரு கட்டடத்தைச் சமூக மதிப்புள்ள சொத்து என்று பட்டியலில் சேர்க்க விண்ணப்பிக்கலாம். 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். சேர்த்தால் 5 வருடம் நிற்கும். விற்கக் கிளம்பினால், முதல் 6 வாரத்துக்குள் நீங்கள் விருப்பம் தெரிவித்தால், மொத்தம் 6 மாதம் அவகாசம் கிடைக்கும். உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. இந்த உரிமையை வலுவாக்கி, வாங்கும் முதல் வாய்ப்பைச் சமூகத்துக்குத் தர 2025 ஜூலையில் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டடங்களை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் பிளானிங் சட்டமும் உங்கள் பக்கம்தான். அந்தச் சட்டம் பிரிக்கும் கட்டட வகுப்புகள் எதிலும் சேராத தனிப் பயன்பாடு தியேட்டர், அதை வேறொன்றாக மாற்ற அனுமதி வாங்கியே ஆக வேண்டும். வால்தம்ஸ்டோவில் 1930-இல் கட்டிய கிரனாடா அரங்கு 2003-இல் மூடி ஒரு மதச் சபையின் கைக்குப் போனது. வழிபாட்டு இடமாக மாற்றும் அனுமதியை மறுத்து மறுத்தே, அரங்காகத் திரும்பும் வழியைக் கவுன்சில் அடைக்காமல் வைத்திருந்தது. பிறகு 2019-இல் கவுன்சிலே அதை வாங்கியது. 2025 மே மாதம் அது சோஹோ தியேட்டரின் கிளையாகத் திறந்தது. நடத்தத் தெரிந்த நிறுவனம் ஒன்று ஆரம்பத்திலேயே கூட நின்றதைக் கவனியுங்கள்.

தியேட்டர்ஸ் டிரஸ்டுக்கு நாளைக்கே எழுதுங்கள். 1976-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அமைப்பு. தியேட்டர் சம்பந்தமான பிளானிங் விண்ணப்பங்களில் அதன் கருத்தைக் கேட்டாக வேண்டும். உங்களைப் போன்ற குழுக்களுக்கு ஆலோசனையும் சொல்கிறது. குழுவைப் பதிவு செய்வதில் அதிகம் குழம்ப வேண்டாம். மானியங்களை நம்பியே போவதானால் சேரிட்டி (அறக்கட்டளை) வடிவம் போதும், வணிகக் கட்டடங்கள் மீதான வரியான வணிக ரேட்ஸில் 80 சதவீதத் தள்ளுபடியும் சட்டப்படி கிடைக்கும். ஊர் மக்களிடம் பங்கு விற்கும் எண்ணம் இருந்தால் சமூக நலச் சங்கமாகப் பதியுங்கள், அதில் ஆளுக்கு ஒரு ஓட்டு. பழைய வழிகாட்டிகள் பரிந்துரைக்கும், அரசின் சமூக உடைமை நிதி 2024 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது, அதை நம்பித் திட்டம் எழுதாதீர்கள். லாட்டரி பாரம்பரிய நிதியும் கட்டடப் பாரம்பரிய நிதியமும் இருக்கின்றன. இருவரும் கவுன்சில் என்ன போடுகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே கவுன்சிலின் தொகை சிறிதாக இருந்தாலும் முதலில் வருவது நல்லது. ஒரு அமைப்புக்கு மூன்று நிதியாண்டில் 3,15,000 பவுண்ட் வரை, மானியக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பெரிய நடைமுறைகள் இல்லாமலே தர வழி இருக்கிறது. முதல் கோரிக்கையை அதற்குள் வைத்தால் அதிகாரிகளுக்கும் வேலை எளிது.

நேரமும் முக்கியம். கவுன்சில்கள் மார்ச் 11-க்குள் வரியை முடிவு செய்தாக வேண்டும், ஆனால் எதற்குப் பணம் என்பது இலையுதிர் காலத்திலேயே ஏறக்குறைய உருவாகிவிடும். பிப்ரவரியில் போய்க் கேட்பவருக்குப் புன்னகைதான் கிடைக்கும். செப்டம்பருக்குள் கலாசாரப் பொறுப்புள்ள கேபினட் உறுப்பினரைப் பாருங்கள், கூடவே பிரிவு 151 அதிகாரி எனப்படும் நிதித் தலைவரின் அலுவலகத்திலும் ஒரு சந்திப்பு கேளுங்கள். கவுன்சில் கூட்டத்தில் விவாதிக்கத் தேவையான கையெழுத்து எண்ணிக்கையை உங்கள் மனு தாண்டியிருந்தால் அந்த விவாதத்தையும் அந்தக் காலத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். மே தேர்தல் நெருங்கினால் எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள், ஒரு கட்சியின் மேடையில் மட்டும் ஏறாதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊரில் கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்று இரண்டடுக்குக் கவுன்சில் இருந்தால், அவற்றை ஒன்றாக்கும் மாற்றம் பல பகுதிகளில் நடந்துகொண்டிருக்கிறது. இன்று தலையாட்டும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் கலைந்துவிட்டால், கட்டடம் புதிய கவுன்சிலின் கைக்குப் போகும். வாய்மொழி வாக்குறுதி அதனோடு சேர்ந்து போகாது. லீஸ் ஒப்பந்தத்தையாவது அதற்கு முன் கையெழுத்தாக்கப் பாருங்கள். டவுன் கவுன்சில் என்று ஒன்று தனியாக இருந்தால் அதன் கதவையும் தட்டுங்கள். அது சிறிய அமைப்புதான். ஆனால் ஒவ்வொரு வீட்டின் கவுன்சில் வரியோடும் சேர்த்துத் தனக்கென ஒரு தொகை வசூலிக்க அதற்கு அதிகாரம் உண்டு. வருடாவருட நடைமுறைச் செலவுக்குக் கொஞ்சம் கை கொடுக்க ஒருவர் கிடைத்தால், அது பெரும்பாலும் அவர்களாகத்தான் இருப்பார்கள்.