முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘கலிவரின் பயணங்கள்’ சுருக்கப் பதிப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். அது குழந்தைக் கதையே இல்லை, முழுக்க அரசியல் என்கிறான் என் தம்பி. நிஜமா ஐயா? அவளிடம் சொல்லலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தம்பி சொல்வது சரிதான் அம்மா. ஆனால் இப்போதே அவளிடம் சொல்ல வேண்டாம்.

குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஆடி மாதத்து மழை நாள். கலிவர் முதலில் போய்ச் சேரும் குட்டி மனிதர்களின் நாடு லில்லிபுட்; முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று அங்கே சண்டை. அந்தக் கதையைச் சொல்லி முடித்த கையோடு சத்துணவு மணி அடித்தது. ஒரு பையன் அவித்த முட்டையைத் தூக்கிக் காட்டி, “சார், நாம எந்தப் பக்கம் உடைக்கணும்?” என்றான். தட்டு காலியாவதற்குள் வகுப்பே இரண்டு கட்சி. பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேர் சாயங்காலம் வரை பேசிக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் பேரைக்கூட நான் எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

கதையில், அகன்ற முனையை உடைப்பதே பழைய வழக்கம். ஓர் இளவரசனின் விரல் அறுபட்டதும், இனி குறுகிய முனைதான் என்று அரசாணை வருகிறது. பணியாமல் செத்தவர்கள் 11,000 பேர். ஆறு கலகங்கள், ஓர் அரசருக்கு உயிர் போனது, இன்னொருவருக்கு மகுடம் போனது. இங்கிலாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற இரண்டு கிறிஸ்தவப் பிரிவினரின் சண்டையையும், 1649இல் தலை வெட்டப்பட்ட அரசர் முதலாம் சார்லஸையும், 1688இல் தப்பியோடிய அரசர் இரண்டாம் ஜேம்ஸையும்தான் அது சொல்கிறது. எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட் அயர்லாந்தின் டப்ளினில் பாதிரியார். 1726இல் புத்தகம் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. கலிவரே எழுதியதுபோல் வந்தது.

எனக்கு நெஞ்சில் தைப்பது மூன்றாம் பயணம். அடங்காத ஊருக்கு மேலே ஒரு பறக்கும் தீவு வந்து நின்று வெயிலையும் மழையையும் மறைக்கும். அயர்லாந்தின் மேல் இங்கிலாந்து உட்கார்ந்திருந்த விதம் அது. மழை தவறினால் தேயிலைத் தோட்டம் என்னவாகும் என்று தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அதைவிட என்ன விளக்கம் வேண்டும்? சிறுவர் பதிப்புகளில் பெரும்பாலும் இந்தப் பகுதி இருக்காது. அந்தத் தீவை ஓர் ஊரே எதிர்த்து ஜெயிக்கும் இடம், 1899 வரை எந்தப் பதிப்பிலும் அச்சாகவில்லை.

அதற்காக எல்லாக் கதையிலும் அரசியலைத் தோண்டவும் வேண்டாம். 1900இல் வந்த ‘ஓஸ்’ என்ற அமெரிக்கச் சிறுவர் கதையில் வரும் வெள்ளிச் செருப்பு, தங்கத்தோடு வெள்ளியையும் நாணயமாக்கலாமா என்று அமெரிக்காவில் நடந்த சண்டையைக் குறிக்கிறது என்று 1964இல் ஓர் ஆசிரியர் எழுதினார். குழந்தைகளை மகிழ்விக்க மட்டுமே எழுதினேன் என்று கதாசிரியர் பாம் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார். நான் அவரைத்தான் நம்புகிறேன்.

மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வரட்டும், முழுப் பதிப்பை வாங்கிக் கொடுங்கள். மூன்றாம் பயணத்தை மட்டும் நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள்.