வாசகர் கேள்வி–பதில்: அசல் இருக்க நகல் எதற்கு?

கேள்வி: அமெரிக்கத் தென் மாநிலங்களின் ராக் இசையான சதர்ன் ராக் பாட்டுகளை யூடியூபில் தேடினால், பழைய குழு ஒன்றின் பாட்டுகளை மட்டும் வாசிக்கும் ட்ரிப்யூட் பேண்டுகளாக வந்து விழுகின்றன. அசல் ஆல்பங்கள்தான் இருக்கின்றனவே, இவர்கள் எதற்கு?

பதில்: ஆல்பம் இருக்கிறது, சரி. ஆட்கள் எங்கே? சதர்ன் ராக் குழுவான லின்னர்ட் ஸ்கின்னர்ட் போன விமானம் 1977 அக்டோபர் 20 அன்று மிசிசிப்பியில் விழுந்து, பாடகர் ரானி வான் ஸான்ட், கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் கெய்ன்ஸ், கூடப் பாடிய ஸ்டீவின் அக்கா கேஸி எல்லோரும் போய்விட்டார்கள். ஆரம்பகால ஆட்களில் கடைசியாக இருந்த கேரி ராஸிங்டனும் 2023-ல் காலமானார். இன்னொரு குழுவான ஆல்மன் பிரதர்ஸின் கதை இன்னும் மோசம்: 1971-ல் டுவேன் ஆல்மன், அடுத்த வருடமே பெரி ஓக்லி, இருவருக்கும் 24 வயது, இருவருமே ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில். 1969-ல் தொடங்கிய ஆறு பேரில் இப்போது மிச்சம் டிரம்மர் ஜெய்மோ ஒருவர்தான். மேடையில் கேட்பதற்கென்றே உருவான இசை இது, அதை மேடையில் கேட்க வேண்டுமானால் வேறு யாராவது வாசித்தால்தான் உண்டு.

கேள்வி: ஸ்கின்னர்ட் பெயரில் இன்றைக்கும் ஒரு குழு ஊர் ஊராகப் போகிறதே, அதுவும் ட்ரிப்யூட் பேண்ட்தானா?

பதில்: ஏறக்குறைய அப்படித்தான். 1987-ல் ரானியின் தம்பி ஜானியைப் பாடவைத்து மறுபடி கிளம்பியபோது அவர்களே அதை 'ட்ரிப்யூட் டூர்' என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம்வரை போனது தனிக் கதை. தம்பி பாடுகிறார், பெயருக்கு உரிமை இருக்கிறது, மற்றபடி அசலுக்கும் நகலுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நல்ல ட்ரிப்யூட் பேண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விக்கையும் தொப்பியையும் விடுங்கள், முதலில் மேடையில் கிட்டார்களை எண்ணுங்கள். ஸ்கின்னர்ட் வாசிக்க மூன்று கிட்டார் வேண்டும், கூடவே பியானோ. செலவை மிச்சம் பிடிக்க இரண்டு கிட்டாரோடு வருகிறவர்கள் 'ஃப்ரீ பேர்ட்' பாட்டின் கடைசியில் மூச்சு வாங்குவார்கள். அப்புறம் எந்தக் குழுவை வாசிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்கின்னர்ட் ஆட்கள் சோலோ என்ற தனி வாசிப்பைக்கூட ஒத்திகையிலேயே முடிவுசெய்து தினமும் அதையே வாசித்தவர்கள், அதனால் அவர்களை நோட்டு நோட்டாக வாசிப்பதில் தவறே இல்லை, அதுதான் மரியாதை. ஆல்மன் பிரதர்ஸ் அப்படியே நேர் எதிர், 1971-ல் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் செய்த பதிவில் 'விப்பிங் போஸ்ட்' பாட்டு மட்டும் 23 நிமிடம் ஓடுகிறது, பெரும்பகுதி அந்த நேரத்தில் தோன்றியது. அதை அப்படியே மனப்பாடம் செய்து வாசிப்பது யாரோ எப்போதோ செய்த ஆலாபனையை ஒப்பிப்பது மாதிரி. டுவேன் போலவே சளி மாத்திரை புட்டியை மோதிர விரலில் மாட்டிக்கொண்டு, தந்திமேல் அதை வழுக்கி ஸ்லைடு வாசித்தால் மட்டும் போதாது, இரண்டு டிரம்மர்களும் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கிறார்களா, இன்றைய வாசிப்பு நேற்று வாசித்ததிலிருந்து கொஞ்சமாவது விலகுகிறதா என்று பாருங்கள். 70களில் ஸ்கின்னர்ட் மேடைக்குப் பின்னால் தொங்கிய கான்ஃபெடரேட் கொடியையும் சேர்த்து நகலெடுக்கிற குழுக்கள் இருந்தால் நான் எழுந்து போய்விடுவேன், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் கொடி அது, இசைக்கு அது தேவையே இல்லை.

கேள்வி: பாட்டை எழுதியவர்களுக்கு இதில் காசு போகிறதா?

பதில்: போகிறது. அமெரிக்காவில் பார், அரங்கம் நடத்துகிறவர்கள் பாட்டு உரிமைக் காசை வசூலிக்கும் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளிடம் உரிமம் வாங்க வேண்டும், அந்தப் பணத்திலிருந்து பாட்டு எழுதியவர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் பங்கு போகும். எழுதாமல் வெறுமனே கிட்டார் மட்டும் வாசித்தவருக்கு, அந்த சோலோவால்தான் பாட்டே நின்றது என்றாலும், இதில் ஒரு சென்ட்கூடக் கிடையாது.