கேளுங்கள், சொல்கிறேன்: கரையேறிய நீர்மூழ்கிகள்

கேள்வி: சிகாகோவில் மகள் வீட்டுக்குப் போகிறேன். அங்கே மியூசியத்தில் ஜெர்மன் நீர்மூழ்கி இருக்கிறதாமே, நிஜக் கப்பலா, மாதிரியா? முழங்கால் வலிக்காரி நான் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

அசல் கப்பலேதான் அம்மா. பெயர் யு-505. 1944 ஜூன் 4 அன்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையிடம் சிக்கியது. கப்பல் எதிரி கைக்குப் போகக் கூடாது, மூழ்கட்டும் என்று கடல்நீர் உள்ளே வரும் குழாயில் இருக்கும் வடிகட்டியின் மூடியைத் திறந்துவிட்டுத்தான் ஜெர்மானியர்கள் வெளியேறினார்கள். உள்ளே இறங்கிய அமெரிக்க மாலுமிகள் அந்த மூடியைக் கண்டெடுத்துத் திரும்ப மாட்டினார்கள். சரக்குக் கப்பல்களின் எஞ்சின் ரூமில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான். தண்ணீர் பீறிடும் வாயை அடைப்பது என்ன பாடு என்று தெரியும். அதுவும் எந்த நிமிடம் வெடிக்குமோ என்ற கப்பலுக்குள்! அந்த மூடி மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் இன்றைக்கு அங்கே பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது.

போருக்குப் பின் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு, குண்டு போட்டுப் பழக இலக்காக வைத்து மூழ்கடித்துவிடலாம் என்று இருந்தார்கள். அதைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கிய டேனியல் கேலரி சிகாகோக்காரர். ஊர்க்காரர்கள் பணம் திரட்டினார்கள். 1954-இல் வட அமெரிக்காவின் பேரேரிகள் (கிரேட் லேக்ஸ்) வழியாக இழுத்து வந்து, செப்டம்பரில் ஒரு ராத்திரி ஏரிக்கரைச் சாலையை மறித்துக் குறுக்கே நகர்த்தி, மியூசியம் பக்கத்தில் நிறுத்தினார்கள். காணாமல் போன பாகங்களைக் கேட்டபோது, அவற்றைச் செய்த ஜெர்மன் கம்பெனிகளே அனுப்பிக் கொடுத்தன.

அப்புறம் ஐம்பது வருடம் அது வெயிலிலும் பனியிலும் நின்றது. கடலில் ஓடும் கப்பலையாவது அவ்வப்போது டாக்கில் ஏற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்போம். நிறுத்திவைத்த கப்பலில் நீர் தேங்கும் மூலைகளுக்குக் கை போகாது, துரு உள்ளிருந்து தின்னும். அதனால்தான் தரைக்கடியில் அரங்கம் கட்டி, 2004-இல் கப்பலை இறக்கிக் கூரை போட்டார்கள். இரும்புக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் அதுதான்.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். 76 மீட்டர் கப்பலையும் வெளியே நின்றே பார்க்கலாம். உள்ளே போக மட்டும் தனி டிக்கெட். குனிந்து, நிதானமாக நடக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்களாமே, இது நியாயமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பர்க்கன்ஹெட்டில் உள்ள யு-534 அது. 1945 மே 5 அன்று பிரிட்டிஷ் விமானம் தாக்கி மூழ்கியது. 1993-இல் தூக்கும்வரை கடலடியில் கிடந்தது. 2008-இல் வெட்டினார்கள். அந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகு யோசித்தேன். கடல் அரித்த அந்த உள்பகுதிக்குள் ஆட்களை நடக்கவிட முடியாது. வெட்டிய முகத்தில் கண்ணாடி வைத்ததால், தடித்த உட்கூடும் அதைச் சுற்றிய மெல்லிய வெளிக்கூடும் தெளிவாகத் தெரிகின்றன. ஆட்களை உள்ளே விடுவதற்காக யு-505-இன் பக்கவாட்டிலும் துளை போட்டிருக்கிறார்கள். வெட்டாமல் காட்ட வழியில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை, ஆனாலும் அவர்கள் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: நாஜிகளின் ஆயுதத்தை ஏன் பாதுகாக்க வேண்டும்? உடைத்துப் போட வேண்டியதுதானே!
– ஒரு வாசகர், சேலம்

உங்கள் கோபம் புரிகிறது. ஜெர்மனியில் கீல் பக்கத்தில் லாபோ கடற்கரை மணலில் யு-995 என்ற இன்னொரு நீர்மூழ்கி நிற்கிறது. எங்கள் கப்பல் கீல் துறைமுகத்தில் நின்ற ஒரு நாள் போனேன். வட்டமான கதவுத் துளைகளில் உடம்பை வளைத்து நுழைந்தால், டார்ப்பிடோவுக்குப் பக்கத்திலேயே படுக்கை. ஒருவன் வேலைக்கு எழுந்துபோனால் அதே படுக்கையில் அடுத்தவன். இப்படிப்பட்ட கப்பல்களில் போன ஏறக்குறைய 40,000 பேரில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை. அவர்கள் மூழ்கடித்த வணிகக் கப்பல்களில் செத்த மாலுமிகள் என் தொழில்காரர்கள். அந்தப் படுக்கைக்கு முன் நின்றபோது இரண்டு பக்கத்துச் சாவும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது. உடைத்துப் போட்டிருந்தால் அந்த இடத்தில் நான் நின்றிருக்க முடியாது.